நீ அழிக்காமல் விட்ட படம்

உன் கேமராப் பையைத் திறந்தேன். கருவாட்டு வாசம். திரேஸ்புரத்தில் மீன் காயும் தார்ப்பாய் ஓரமாக இதைப் போட்டுவிட்டு, முட்டிபோட்டு நீ கோணம் பார்த்துக்கொண்டிருப்பாய். துவைத்தும் வாசம் போகவில்லை என்றார்கள் உன் அம்மா. "இத வச்சு நான் என்ன செய்ய? நீயே வச்சிக்க" என்று என் கையில் திணித்துவிட்டார்கள்.

நீ போய் ஓராண்டு ஆகிறது, நினைவுத் திருப்பலி வருகிறது. அன்று கோவிலின் பங்கு மண்டபத்தில் உன் படங்களை மாட்டலாம் என்று நம் கல்லூரி ஆட்கள் பேசி முடித்தோம். படங்களைத் தேர்ந்தெடுக்கும் வேலை எனக்கு. கேமராவில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். கல்யாணங்கள். உப்பளம். சங்கு குளித்துக் கரையேறுகிறவர்கள். பிறகு அது.

அழித்துவிட்டதாக நீ சொன்ன படம்.

காற்றும் மழையுமான நாள். மீன்பிடிக்கப் போன எல்லா வள்ளங்களும் வந்துவிட்டன, நமக்குப் பழக்கமான ரெஜினாக்காவின் கணவர் போன வள்ளம் மட்டும் வரவில்லை. கரையில் பெண்கள் கூடி நின்றார்கள். எனக்குப் படமெடுக்கக் கை வரவில்லை. நீ அக்காவை எடுத்தாய். சாயங்காலம், இஞ்சின் நின்றுபோன அந்த வள்ளத்தை இன்னொரு வள்ளம் கட்டி இழுத்து வந்தது.

எடுத்தால் காட்டுவது உன் வழக்கம். மறுநாளே அக்கா வீட்டுக்குப் போனோம். சிரித்துக்கொண்டே கேமராவை வாங்கியவள், பார்த்ததும் தூரத் தள்ளினாள்.

"மாதாவே! இதென்னளா, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு... அவரு உசுரோட இருக்கையில நான் தாலியறுத்தவ மாரி நிக்குத படமா? அழி மொதல்ல."

நீ எதையோ அழுத்தினாய். "அழிச்சாச்சுக்கா."

அவள் கடுங்காப்பி தந்தாள். குடித்தோம்.

துயரத்தைப் படமெடுப்பது பற்றி நான் நிறையப் படித்துக்கொண்டிருந்த காலம் அது. வண்டியின் பின்னால் உட்கார்ந்து அத்தனையையும் உன் காதில் கொட்டினேன். துறைமுகச் சாலையில் லாரிகளின் இரைச்சல். கடைசியில், "நல்ல படம்ளா அது" என்றாய். அவ்வளவுதான்.

படத்தில் அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஆஸ்பத்திரியில், முடியெல்லாம் கொட்டிய பிறகு ஒருநாள், "என்னைய எடு" என்றாய். எடுத்தேன். வாங்கிப் பார்த்தாய். "சீ, மழையில நனைஞ்ச கொக்கு மாரி இருக்கேன். அழிச்சிருளா." அழித்தேன். நீ கேமராவை மறுபடி வாங்கி, முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் தலையணையில் சாய்ந்தாய். என்னை நம்பவில்லையே என்று எனக்குக் கோபம். அழித்தேன் என்று சொல்லிவிட்டு வைத்துக்கொள்ள முடியும் என்பது உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கேமராவில் பார்த்த கல்லூரி ஆட்கள், மண்டபத்தின் நடுவில் அக்காவின் படம்தான் என்று ஒரே பேச்சாகச் சொன்னார்கள். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிற பிள்ளை. ஊரில் உன்னை அப்படித்தான் தெரியும். இந்த ஒன்று போதும், நீ யார் என்று காட்டிவிடும். எனக்கும் ஆசைதான். நீ வைத்திருந்தாய் என்பதே சம்மதம் என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் அது உன் சம்மதம்.

கேமராவை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் வாசலில் வலையைப் பிரித்துப் போட்டுப் பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார்.

"கூட வார பிள்ளைய எங்களா காணும்?" என்றாள் அக்கா. சொன்னேன். "எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே" என்றாள்.

படம் இன்னும் இருப்பதையும் சொன்னேன். எதற்காக வேண்டும் என்பதையும். அவள் பதில் சொல்லுமுன் அவர் எழுந்து வந்து என் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டார். அவர் அந்தப் படத்தைப் பார்த்ததே இல்லை. அது எடுக்கப்பட்டபோது அவர் கடலில் இருந்தார்.

வெகுநேரம் பார்த்தார்.

"ஏளா, எனக்காகவா இந்த அழுகை அழுத?"

"ஒமக்கா? புது வலை போச்சேன்னுல்லா அழுதேன்."

அவர் சிரிக்கவில்லை. "இருந்துட்டுப் போகட்டும். அழிக்க வேண்டாம்" என்றார் என்னிடம்.

"நீரு சும்மா இரும்." அக்கா கேமராவை வாங்கி என்னிடம் நீட்டினாள். "அவரு பாத்துட்டாரு. இனி யாரு பாக்கணும்? அந்தப் பிள்ளை கோவிச்சுக்கிடாது. அழிச்சிரு தாயி."

அவள் கண்முன்னேயே அழித்தேன். வேறு எங்கும் இல்லை என்றும் சொன்னேன். உண்மை.

மண்டபத்தின் நடுவில் உப்பளப் படம் வரும். நல்ல படம்தான். ஆனால் அந்தப் படம் இல்லை. உன்னை ஊர் இன்னும் கல்யாணத்துக்குப் படம் எடுத்தவளாகவே நினைக்கும், இதில் எனக்கு வருத்தம் உண்டு. நீ ஏன் வைத்திருந்தாய் என்று கேட்க முடியாததிலும்.

கேமரா என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் நான் எடுத்ததும் திருப்பிக் காட்டுகிறேன். அவர்கள் படத்தைப் பார்க்கும்போது நான் அவர்களைப் பார்க்கிறேன். படத்தைப் பார்க்கும் அந்த முகத்தை மட்டும் எடுப்பதில்லை.