கண்ணாடியைக் கழற்றிவிட்டேன், மாப்பிள்ளை

அன்பு மாப்பிள்ளைக்கு,

உங்கள் மச்சான் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போட்டுவிடாதீர்கள், பாதிவரைக்குமாவது படியுங்கள். இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் தையல் மிஷினை மிதிக்க மாட்டேன் என்கிறது, அதனால் மோட்டார் வைத்துவிட்டேன். என் தங்கை எப்படி இருக்கிறாள்? உங்களைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அவளும் பதினோரு வருஷமாக என்னோடு பேசவில்லை. புருஷன் பக்கம் நிற்கிறாள், நிற்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நம் வங்கியை விலைக்குக் கேட்டு வந்தார்கள். ஆமாம், நீங்களும் நானும் நர்ஸம்மாவும் என் தையல் கடையில் தொடங்கிய அதே வங்கியைத்தான். கேட்டது யார் தெரியுமா? மிஷின் வாங்கக் கடன் கேட்டுப் போன என்னை வாசலோடு திருப்பி அனுப்பினார்களே, அந்தப் பெரிய வங்கிக்காரர்களேதான்!

பங்கு போட்ட உறுப்பினருக்கெல்லாம் கை நிறையக் கிடைக்கும் என்று அவர்கள் சொன்னதும் தெருவில் பாதிப் பேர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. அப்போதுதான் அவர்களுடைய வக்கீல் நம் விதிப் புத்தகத்தைப் புரட்டி, ஒன்பதாவது விதியில் வந்து நின்றார்.

ஆரம்பத்தில் பணப்பெட்டி என் கடையில், சாவி உங்களிடம், கணக்கு நோட்டு நர்ஸம்மாவிடம். மூவரும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். ஒருநாள் நீங்கள் கதவு மாட்டப் பக்கத்து ஊருக்குப் போய்விட, பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம் எடுக்க வந்த காய்கறிக்காரம்மா சாயங்காலம்வரை எனக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே! அதே புத்தியில்தான் அந்த விதியையும் எழுதச் சொன்னீர்கள்: வங்கியை விற்பதென்றால், தொடங்கிய மூவரும் உயிரோடு இருக்கும்வரை, நீங்கள் செய்த பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டும்.

"அந்தத் தச்சருக்கு நாங்க கார் அனுப்புறோம், வரச் சொல்லுங்க" என்றார் வக்கீல். "நாங்க முகம் பாத்தே பதினோரு வருஷம் ஆச்சு சார்" என்றேன். நர்ஸம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. நம் சண்டைக்கு இப்படியொரு உபயோகம் இருக்கும் என்று யார் கண்டது!

ஆனாலும் உறுப்பினர்களைக் கேட்காமல் விதியைக் காட்டித் தட்டிக்கழிப்பது முறையில்லை என்று வங்கியிலேயே கூட்டம் போட்டோம். காய்கறிக்காரம்மா எழுந்தாள். "இங்க நான் முதலாளி. அங்க போனா வாசல்ல நிக்கிறவருக்கே நான் சலாம் போடணும். எதுக்கு விக்கணும்?" என்று கேட்டாள். அப்புறம் கை தூக்கச் சொன்னோம். விற்க வேண்டாம் என்ற கைகளை எண்ணி முடிக்க நர்ஸம்மாவுக்கு அரை மணி நேரம் ஆனது. கைதட்டலில் கூரை பறக்காததுதான் குறை.

அந்தம்மா அதோடு உட்கார்ந்தாளா? "முதலாளிக்கும் அவ காசுக்கும் நடுவுல கண்ணாடி எதுக்கு?" என்று என்னைப் பார்த்தே கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்று நீங்கள் கேட்ட கேள்வி அல்லவா! வங்கியில் பணம் கட்டுவதற்கென்று நீங்கள் ஆசை ஆசையாகச் செய்த மேசையில், நீங்கள் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, திருட்டுப் பயத்தில் கண்ணாடித் தடுப்பு மாட்டியவன் நான். ஏன் என்று கேட்ட உங்களை, "தச்சனுக்கு பேங்க்கைப் பத்தி என்ன தெரியும்?" என்று எல்லோர் முன்னாலும் சொன்னவனும் நான். தையல்காரனுக்கு மட்டும் என்ன தெரிந்ததாம்! தப்பு என்னுடையது, மாப்பிள்ளை. இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

அங்கேயே திருப்புளி வாங்கி நானே கழற்றினேன். நாலாவது திருகாணி முரண்டு பிடித்தது. மேசையில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறிவிட்டேன், பார்த்தால் திட்டுவீர்கள். வேறு தச்சர் யாரையும் அதில் கை வைக்க நான் விடவில்லை.

அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நம் வங்கிக்கு முப்பது வயது. பெஞ்சில் நானும் நர்ஸம்மாவும் ஆளுக்கு ஒரு ஓரமாக உட்காருகிறோம், நடுவில் யாரையும் விடுவதில்லை. விற்கிற பேச்சுதான் ஒழிந்துவிட்டதே, இனி மூவரும் பயமில்லாமல் ஒன்றாக உட்காரலாம். உளியும் இழைப்புளியும் எடுத்துக்கொண்டு, என் தங்கையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அந்தக் கீறலுக்கு ஒருநாள் வேலை போதும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நீங்கள் இருவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

பெஞ்சின் நடுவில் இடம் பிடித்துவைத்திருக்கும்,
உங்கள் மச்சான்