அண்ணியின் நான்காம் படம்

மார்ச் 3, செவ்வாய்

'அப்புறம் சார்' கூப்பிட்டார். எங்கள் பேராசிரியருக்கு இந்தப் பெயரை வைத்தது அண்ணிதான். வீடு பற்றி எரிகிறது என்று சொன்னாலும் "சரி, அப்புறம்?" என்று கேட்கிற மனிதர்.

அண்ணியின் கட்டுரையைப் பரிசீலித்தவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்களாம். நான்காம் படத்தில் உள்ள சோதனையை வேறொருவர் தன் கையால் செய்து காட்ட வேண்டும். ஆய்வகத்தில் சும்மா இருக்கிற கை என்னுடையதுதான் என்று சார் முடிவு செய்துவிட்டார்.

"அண்ணி செஞ்சதை நாத்தனார் செஞ்சு காட்டினா ஒத்துப்பாங்களா சார்?"

"அவங்களுக்கு என்ன கல்யாண ஆல்பத்தையா அனுப்பப் போறோம்? சரி, அப்புறம்?"

அப்புறம் ஒன்றுமில்லை. அண்ணிக்கு மாதக் கடைசியில் நேர்காணல். நிரந்தர வேலை. எத்தனை வருஷமாக ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறாள்! அங்கே அவள் காட்டப்போவது அந்த நான்காம் படத்தைத்தான். பஸ்ஸில் வரும்போது, "சீக்கிரம் முடிச்சுக் குடுடீ, உனக்குப் புடவை வாங்கித் தர்றேன்" என்றாள். ஒரே வீடு, ஒரே பஸ், ஒரே ஆய்வகம். எனக்குப் புடவை பிடிக்காது என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.

மார்ச் 5, வியாழன்

இன்று செய்தேன். சரியாக வரவில்லை.

அம்மாவுக்கு விளக்குவது போல எனக்கே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், எங்கே கோட்டை விட்டேன் என்று தெரிகிறதா பார்ப்போம். செல்லுக்குள் எத்தனையோ ஆர்.என்.ஏ. மிதக்கிறது. கொரோனாவிடம் பொட்டலம் கட்டுவதற்கென்றே ஒரு புரதம் உண்டு. அது வைரஸின் ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்துச் சுருட்டிக் கட்ட வேண்டும். இவ்வளவு கூட்டத்தில் தன்னுடையது எது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? அண்ணியின் பதில் இது: அந்த நீள இழையில் ஓரிடத்தில் கொண்டை ஊசி போல ஒரு மடிப்பு இருக்கிறது, புரதம் அதைத்தான் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த மடிப்பில் உள்ள அதே மரபு எழுத்துகளை வரிசை மாற்றிக் கலைத்து ஒரு துண்டு செய்து கொடுத்தால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

நான்காம் படத்தில் இரண்டே கோடுகள். புரதம் பிடிக்கப் பிடிக்கக் கோடு ஏறும். கொண்டை ஊசியின் கோடு ஏறுகிறது. கலைத்த துண்டின் கோடு தரையோடு படுத்திருக்கிறது.

புதிதாக வரவழைத்த துண்டுகளை வைத்துச் செய்தேன். இரண்டு கோடும் ஏறின.

மார்ச் 6, வெள்ளி

மறுபடியும் இரண்டும் ஏறின. என் கை சரியில்லை.

மார்ச் 9, திங்கள்

கை சரியாகத்தான் இருக்கிறது. கரைசலை மாற்றினேன், உப்பைக் கூட்டினேன், குறைத்தேன். இந்தப் புரதம் எதைக் கொடுத்தாலும் கட்டிக்கொள்கிறது.

சாப்பிடும்போது அண்ணி கேட்டாள், "வந்துச்சா?" "இன்னும் முடியல அண்ணி" என்றேன். அண்ணன், "இவளுக்கு முட்டை உடைக்கவே அரை நாள் ஆகும்" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

ஒன்றை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். முதல் நாள் இரண்டு கோடும் ஏறியபோது எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அண்ணியின் படம் பொய்த்துப் போகிறதே என்று சந்தோஷம். ஒரே நொடிதான். ஆனால் இருந்தது. அது எங்கேயிருந்து வந்தது? அவள் எனக்கு என்ன குறை வைத்தாள்?

மார்ச் 10, செவ்வாய்

அண்ணியின் துண்டுகள் இருந்த பழைய குழாய்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்ச் செய்தேன். அப்படியே நான்காம் படம்! ஒன்று ஏறியது, ஒன்று படுத்தது.

ஆக, கை இல்லை. கரைசல் இல்லை. குழாய். பழைய குழாய்க்கும் புதுக் குழாய்க்கும் என்ன வித்தியாசம்? ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. குளிர் அறைக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். "எதையாவது தொலைச்சிட்டியா?" என்று சார் கேட்டார்.

மார்ச் 12, வியாழன்

தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் கருவி ஒரு எண்ணை மட்டும் சொல்லும். துண்டின் நுனியில் ஒளிரும் சாயம் இருக்கிறது. புரதம் ஒட்டினால் துண்டு கனத்து மெதுவாகச் சுழலும், எண் ஏறும். துண்டு முழுதாக இருக்கிறதா, உடைந்து கிடக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. அதனால் இன்று எல்லாவற்றையும், நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். புதுத் துண்டுகள் இரண்டும் பளிச்சென்று ஒவ்வொரு பட்டையாக நின்றன. அண்ணியின் பழைய கலைத்த துண்டு அடிவரைக்கும் தீற்றலாக வழிந்து கிடந்தது. தூள் தூள்.

கொண்டை ஊசியை அடிக்கடி பயன்படுத்தியதால் தீரத் தீரப் புதிதாக வாங்கியிருக்கிறாள். கலைத்த துண்டு ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்தான், கொஞ்சமாகச் செலவாகும், ஒரே குழாய் ஆரம்பத்திலிருந்து. யாரோ எப்போதோ கையுறை இல்லாமல் மூடியைத் தொட்டிருப்பார்கள். விரலில் இருக்கிற நொதி போதும் ஆர்.என்.ஏ.வை நறுக்கிப் போட. பிடிக்க ஒன்றுமே மிச்சமில்லாத குழாயில் புரதம் எதைப் பிடிக்கும்?

அது கொண்டை ஊசியைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. கிடைத்ததைப் பிடித்தது, அவ்வளவுதான்.

அண்ணி வேண்டுமென்று செய்யவில்லை. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

சாயங்காலம் வீட்டில் அண்ணி நேர்காணலுக்கு ஒத்திகை பார்த்தாள். நானும் அண்ணனும் சோபாவில். நான்காம் படம் வந்ததும் அவள் குரலே மாறிவிடுகிறது, முகம் பூரித்துப்போகிறது. முடித்ததும் அண்ணன் கைதட்டினான். நானும் தட்டினேன்.

தட்டினேன்! என்ன ஜென்மம் நான்.

மார்ச் 15, ஞாயிறு

அம்மாவுக்குப் போன் செய்தேன். சுற்றி வளைத்துச் சொன்னேன். புரதம் புரியவில்லை, விஷயம் புரிந்துவிட்டது.

"நீ சொன்னா அவ வேலை போயிடுமா?"

"கிடைக்க வேண்டியது கிடைக்காம போகலாம்."

"சொல்லாட்டி?"

"கட்டுரை வெளியாயிடும். எனக்கும் அப்படியே வந்துச்சுன்னு நான் கையெழுத்துப் போடணும். பின்னாடி யாராவது செஞ்சு பார்த்தா மானம் போயிடும்."

அம்மா சொன்னாள்: "எதுவா இருந்தாலும் அவகிட்ட நேரா சொல்லு. வேற வாய் மூலமா போச்சுன்னா அந்த வீட்ல உனக்கு இடமில்ல."

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். குளிர் அறையில் வைத்து. அங்கேதான் யாரும் வர மாட்டார்கள். இரண்டு பேருக்கும் பல் கிட்டியது.

முதலில் அவள் என்னைத்தான் குறுக்கு விசாரணை செய்தாள். கையுறை போட்டாயா, உப்பு எவ்வளவு, புரதம் பழையதா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஜெல் படத்தைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?"

"வியாழக்கிழமை."

"வெள்ளிக்கிழமைதானே நான் பேசிக் காட்டினேன்?"

நான் தலையை ஆட்டினேன்.

"கைதட்டினியேடீ. உக்காந்து கைதட்டினியே. தப்புன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்? நாத்தனார் புத்தியக் காட்டிட்ட பாரு."

கதவு அடைத்த சத்தத்தில் மேலே இருந்த பெட்டி ஒன்று விழுந்தது. எடுத்து வைத்தேன். வேறென்ன செய்வது.

அவள் சொன்னது பொய் என்றால் இவ்வளவு வலிக்குமா? அந்த ஒரு நொடி சந்தோஷம் அவளுக்குத் தெரிந்திருக்குமோ?

மார்ச் 17, செவ்வாய்

தனித்தனி பஸ். வீட்டில் யாரும் யாருக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணன் மட்டும் என் அறை வாசலில் வந்து நின்றான். "ரெண்டு வாரம் பொறுத்திருக்கக் கூடாதா? வேலை கையில வந்தப்புறம் சொல்லியிருக்கலாம்ல?" அதையும் யோசித்தேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? யோசித்தேன். பத்துத் தடவை யோசித்தேன்.

மார்ச் 18, புதன்

என் மேசையில் இருந்த புதுக் குழாய்களை அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள். நாள் முழுக்கக் கருவியின் முன்னால் இருந்தாள். சாப்பிடப் போகவில்லை. போய்க் கூப்பிடலாமா என்று எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன்.

மார்ச் 19, வியாழன்

மத்தியானம் அவளே சாரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகுநேரம் கழித்து என்னையும் கூப்பிட்டார்கள்.

இரண்டு கோடும் ஏறிய படம் மேசையில் இருந்தது. அண்ணி செய்தது. எனக்கு வந்தது போலவே. "நான்தான் குழாயை மாத்தாம விட்டேன் சார். இவ கண்டுபிடிச்சா" என்றாள். என் பக்கம் திரும்பவில்லை. வியாழனும் வெள்ளியும் அவள் வாயில் வரவே இல்லை.

"சரி" என்றார் சார். அதோடு நிறுத்திவிட்டார்.

கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார்கள்.

மார்ச் 27, வெள்ளி

நேர்காணல். அண்ணி காலையிலேயே கிளம்பிவிட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு தடவை தப்பான குழாயைத் திறந்தேன். வேலை உருப்படாது என்று வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். ஏற்கெனவே மடித்து வைத்த துணியை.

சாயங்காலம் அவள் அண்ணனிடம் சொன்னது கூடத்திலிருந்து கேட்டது. நான்காம் படத்துக்குப் பதிலாக அந்தத் தீற்றலைக் காட்டினாளாம். "அப்ப உங்ககிட்ட மிச்சம் என்ன இருக்கு?" என்று ஒருத்தர் கேட்டாராம். "கேள்வி மிச்சம் இருக்கு" என்றாளாம். அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 2, வியாழன்

வேலை வேறு யாருக்கோ போய்விட்டது. அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். உதவிக்குப் போனேன். "இருக்கட்டும்" என்றாள்.

அழுதேன். அவளுக்காகவா, எனக்காகவா, தெரியாது.

ஏப்ரல் 9, வியாழன்

பஸ்ஸில் அண்ணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேறு இடமும் காலியாக இருந்தது. இறங்கும்வரை பேசவில்லை.

ஆய்வகத்தில் ஒரு தட்டு நிறையக் குழாய்களைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். கொண்டை ஊசி, கலைத்த துண்டு, எல்லாம் புதிது. கூடவே வைரஸின் மேலுறைச் சவ்வில் இருக்கும் புரதத்தின் வால் பகுதி. பொட்டலம் கட்டுகிறவனுக்குத் தனியாகத் தேர்ந்தெடுக்கத் தெரியாது, சரி. சவ்வில் இருக்கிறவன் பக்கத்தில் நின்றால் தெரிகிறதா? அதுதான் அவளுடைய அடுத்த கேள்வி.

"பேரையெல்லாம் அழிச்சிட்டு நீ நம்பர் போடு. எது எதுன்னு நீ மட்டும் குறிச்சு வெச்சுக்க, எனக்குத் தெரியக் கூடாது. நான் கெஞ்சினாலும் சொல்லாதே."

"சாரைப் போடச் சொல்லலாமே அண்ணி?"

"அவரு 'சரி, அப்புறம்?'னு கேட்டுட்டே எல்லாத்தையும் உளறிடுவாரு. மென்னு முழுங்கறதுல உன்னை மிஞ்ச ஆள் உண்டா? இந்தத் தடவை உருப்படியான காரியத்துக்கு முழுங்கு."

சிரிக்கலாமா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை, கோபமும் இல்லை. வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி வழியே அவள் முதுகு மட்டும் தெரிந்தது. திரும்பவே இல்லை.

ஒவ்வொன்றாகப் பெயரைத் துடைத்து நம்பர் போட்டேன். கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டி, "முடிஞ்சுதா?" என்றாள்.

"இருங்க அண்ணி" என்றேன்.