லம்பேட் அடித்த ஆணி

தில்லையடி,
புத்தளம்.
2012 பங்குனி

அன்புள்ள சிநேகிதன் பஸ்தியானுக்கு,

உன்னையும் உன் மனுசி பிலோமினாவையும் ஆண்டவன் சுகபெலத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு உசனார் எழுதுவது. எழுதுவது என்றால் வாயால்தான். கை என் பேத்தி ஆதிலாவுடையது. நான் சொல்வதைத் திருத்தாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

கருவாட்டு லொறியில் நீ அனுப்பிய சைக்கிள் வந்து சேர்ந்தது. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் எங்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் எருக்கலம்பிட்டியை விட்டுக் கிளம்பச் சொன்னபோது உன் வலைக் கொட்டிலில் சாத்திவிட்டு வந்த அதே பச்சைச் சைக்கிள். "நானா, உங்கட அமானிதம், நீங்க நம்பித் தந்த சாமான், இனி என்ட கையில வேணாம்" என்று என்னை அண்ணன் முறையில் அழைத்து டெலிபோனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

உப்புக்காற்று நன்றாகத் தின்றிருக்கிறது. பழையபடி ஓட வைப்போம் என்று கழற்றத் தொடங்கினேன். சில்லு, செயின், மட்கார்ட் எல்லாம் வந்தன. பெடல் பூட்டுகிற தண்டு, இடப்பக்கக் கிராங்கும் வந்தது. வலப்பக்கம் மட்டும் அசையவில்லை. கிராங்கை அச்சோடு இறுக்குகிற ஆணிக்கு மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் விட்டு ஊறப்போட்டேன். சூடு காட்டினேன். அடியில் இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்து அடித்தேன். தேங்காயெண்ணெயோடு நான் குந்தியிருப்பதை என் மனுசி றுக்கியா கண்டுவிட்டு, "என்ட முழங்காலுக்கு ஒரு சொட்டுத் தடவ ஆளில்ல, இரும்புக்கு வைத்தியம் நடக்குது" என்றாள்.

கடைசியில் சைக்கிள் கடை ரஸாக்கிடம் கொண்டுபோனேன். "நானா, இதுக்கு மையவாடியில குழி தோண்டுற வயசு. கிராங்கை அறுத்து எறிஞ்சிட்டுப் புதுசு போடுவம்" என்று இரும்பு அறுக்கிற வாளையும் எடுத்துவிட்டான்.

அறுக்கிற இடத்தைக் காட்டக் குனிந்தபோதுதான் கண்டேன். அது கடையில் வாங்கிய ஆணி இல்லை. வள்ளத்துப் பலகை பூட்டுகிற இரும்பை அரத்தால் ராவி, ஒரு நுனி மெல்லியதாகச் சரிவெடுத்து இறக்கியிருந்தது. நட்டு இல்லை. இரண்டு நுனியையும் தட்டி மழுக்கியிருந்ததால் மெல்லிய பக்கம் எது, தடித்த பக்கம் எது என்று விளங்கவில்லை. உனக்குக் கிழிந்த வலை பொத்தத்தான் தெரியும், அரம் பிடிக்க வராது. எங்களுக்குப் பிறகு அந்தச் சைக்கிளை ஓடினவன் உன் மகன் லம்பேட். இது அவனுடைய கைவேலை. யுத்தம் முடிய முந்திய வருஷம் சைக்கிளில் சந்திக்கடிக்குப் போனவன் காணாமல் போக, அங்கே கிடந்த சைக்கிளை மட்டும் நீ உருட்டிக்கொண்டு வந்த கதையையும் அறிவேன்.

ரஸாக்கை நிற்பாட்டினேன். லம்பேட் சின்னப்பிள்ளையாக எங்கள் வீட்டில் பெருநாள் வட்டிலப்பத்தை இடக்கையால் அள்ளினதும், பிலோமினா அந்தக் கையில் ஒரு அடி போட்டதும், "எந்தக் கை வருதோ அந்தக் கையால தின்னட்டும், விடுங்க" என்று றுக்கியா மறித்ததும் ஞாபகம் வந்தது. வலக்கையன் கிராங்கை முன்னுக்குத் திருப்பி வைத்து மேலிருந்து ஆணி இறக்குவான். இடக்கையன் பின்னுக்குத் திருப்பி வைப்பான். அப்போது ஆணியின் தடித்த தலை எதிர்ப்பக்கம் வந்துவிடும். இவ்வளவு நாளும் நான் தடித்த தலையை மெல்லிய தலை என்று எண்ணித் தப்பான பக்கம் அடித்து, இன்னும் இறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். மறுபக்கத்தால் அடித்தேன். பிள்ளை கூப்பிட்டதும் வருகிற மாதிரி வந்தது. அவனுடைய அரம் ஓடிய கோடுகள் அப்படியே இருந்தன. ரஸாக் வாளை மூலையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி எடுத்துவரப் போனான்.

இனி நான் சொல்வதைக் கோபிக்காமல் கேள். லொறி ஓட்டி வந்த மிஹ்லார் எனக்கு ஒன்று சொன்னான். சைக்கிளை ஏற்றும்போது பிலோமினா கரியரைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். நீ அவள் விரலை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாயாம். அதைக் கேட்ட பிறகு இது என் அமானிதம் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

லம்பேட் வருவான் என்று சொல்ல நான் யார்? வரமாட்டான் என்று சொல்ல நீ யார், பஸ்தியான்?

ரஸாக் புது ஆணி தந்தான். வேண்டாம் என்றேன். லம்பேட்டின் ஆணியையே, அவன் இறக்கிய பக்கத்தாலேயே திரும்ப இறக்கியிருக்கிறேன். வருகிற லொறியில் சைக்கிளோடு நானும் வருகிறேன். பிலோமினாவின் கையில்தான் கொடுப்பேன். நீ குறுக்கே நிற்காதே.

சைக்கிள் சீட்டைப் பதித்துக் கீழிறக்கவில்லை. அவன் வைத்த உயரத்திலேயே நிற்கிறது. ஏறிப் பார்த்தேன், எனக்குக் கால் எட்டவில்லை.

உன் வாசலில் இறைவனின் ரஹ்மத் இறங்கட்டும்.

இப்படிக்கு,
உன் நானா
உசனார்