வெண்டல் பாலம்

லொரேனுக்கு,

உன் தங்கை வீட்டிலேயே இருந்துவிடுவதாகச் சொன்னாயாம். உன் இஷ்டம். இங்கே ஆப்பிள் பறிக்கத்தான் ஆளில்லை.

சட்டமன்றத்தில் நான் உருப்படியாகச் செய்தது, போரிலிருந்து திரும்பாத நம் மகன் வெண்டலின் பெயரை ஓடைப் பாலத்துக்கு வைத்தது ஒன்றுதான் என்பாய். நேற்று, இந்தக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், கமிஷனராக, அதை இடிக்கக் கையெழுத்துப் போட்டேன். தூண் அரித்துப்போய்விட்டது, பள்ளிப் பேருந்து போகிற வழி.

“பேரு வச்சீங்களே செனட்டர், ரிப்பேருக்கும் ஒரு சட்டம் போட்டிருக்கலாம்ல?” என்றான் சாலை மேஸ்திரி டுவெய்ன். நான் சட்டமன்றத்தை விட்டு வந்த பிறகும் அப்படித்தான் கூப்பிடுகிறான். பிறகு அவனே பெயர்ப்பலகையைக் கழற்றித் துடைத்து, “வண்டிக்குப் பின்னாடி போட்டுரவா?” என்றான்.

வேண்டாமென்று பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டேன். அந்த இருக்கையில் ஆள் இருப்பதாக நினைத்து, பெல்ட் போடச் சொல்லி வண்டி கத்திக்கொண்டே வந்தது. போட்டுவிட்டேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம். நீயும் வா.

உன் கணவன்