புண் மருந்துக்குச் சீட்டு எடுத்தவன் எழுதுவது

டாக்டரம்மா,

இன்று காலை பள்ளத்தூரிலிருந்து உமி லோடு வந்து இறங்கியது. மூட்டையைப் பிரித்ததும் எழுந்த புழுங்கல் வாடையில் உங்கள் நினைப்புத்தான் வந்தது. எலிக் கூண்டுகளில் பரப்ப நான் அனுப்பும் உமியை ஒரு கை அள்ளி முகர்ந்த பிறகுதான் ஆய்வுக்கூடத்துக்குள் விடுவீர்கள். ஒருமுறை வேறு மில் சரக்கு என்று லோடையே திருப்பிவிட்டீர்கள். எனக்கு வந்ததே கோபம்!

"எலி என்ன, மில்லு பேரு பாத்தா படுக்கப் போகுது?" என்றேன்.

"அது பாக்காது முதலாளி. நடுவுல உமி மாறுனா, எலி தேறுனது மருந்தாலயா ஒங்க உமியாலயான்னு யாரு சொல்லுவா? நீங்க வந்து சொல்லுவீகளா?"

சர்க்கரைப் புண்ணை ஆற்றும் என்று உங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் கண்டுபிடித்த மருந்து அப்போது பத்திரிகைகளில் அடிபட்டது. என் காலிலும் அந்தப் புண் உண்டு. எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா என்றதற்கு, "அவரு எலியில செஞ்ச சோதனைய நானும் திருப்பிச் செஞ்சு பாத்துட்டுச் சொல்றேன்" என்றீர்கள். தலைவர் செய்தபோது, மருந்து போடத் திடமான எலிகளாகப் பார்த்து எடுத்தாராம். புண்ணை அளந்தவருக்கும் எது மருந்து போட்ட எலி என்று தெரியுமாம். கேட்டதும் சிரித்துவிட்டேன். மண்டியில் சரக்கு எப்படி என்று பார்க்க எந்த மூட்டையைப் பிரிப்பது என்று வாங்குபவன்தான் தொட்டுக் காட்டுவான். விற்பவனை விட்டால் நல்லதைத்தானே காட்டுவான்?

"அதான் சொல்றேன், நீங்களே வந்து குலுக்கிச் சீட்டு எடுங்க. எந்த எலி எப்பிடின்னு ஒங்களுக்குத் தெரியாதுல்ல" என்று கூப்பிட்டீர்கள். என் சீட்டுப்படியே எலிகளை மருந்து போடுவது, போடாதது என்று இரண்டாகப் பிரித்தீர்கள். அளந்தவரிடம் எது எதுவென்று சொல்லவே இல்லை. இரண்டு பக்கமும் புண் ஒரே மாதிரிதான் ஆறியது.

"அந்த மருந்து வேல செய்யல முதலாளி. யாரு குடுத்தாலும் போட்டுறாதீக" என்றீர்கள். தலைவர் அந்த முடிவை வெளியே விடவில்லை. உங்களுக்குக் கைராசி இல்லை என்று எல்லோரிடமும் சொன்னார். ஆராய்ச்சியில் கைராசியாம்!

போன வாரம் உங்களுக்கு அஞ்சலிக் கூட்டம். அதே மனிதர் மைக்கைப் பிடித்து, அந்த மருந்தின் வெற்றியில் உங்களுக்கும் பங்குண்டு என்றார். அடுத்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். எழுந்துவிட்டேன்.

"அம்மா திருப்பிச் செஞ்சப்ப பலிக்கலையே, அதையும் சொல்லுங்க சார்."

"முதலாளி, இது உமி யாவாரம் இல்ல. அது தோத்துப்போன சோதனை."

"தோத்தது மருந்து. சோதனை நல்லாத்தான் நடந்துச்சு. சீட்டு எடுத்தவன் நான்."

தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள். அஞ்சலிக் கூட்டத்தில் நாகரிகம் வேண்டாமா என்றார்கள். பலிக்காது என்று நீங்கள் சொன்ன மருந்தை உங்கள் பேரிலேயே ஏற்றுவதுதான் நாகரிகமா? இந்தப் பெருமைக்காக இன்னும் எத்தனை பேர் புண்ணில் அதைப் போட்டுப் பார்ப்பார்கள்?

வெளியே வந்தபோது, கூட்டத்துக்கு வந்திருந்த, காலில் கட்டுப் போட்ட நெற்குப்பை ஊர்க்காரர் ஒருவர் என்னை மறித்தார். "அந்த மருந்து எங்க கெடைக்கும்?"

நீங்கள் எனக்குச் சொன்னதைச் சொன்னேன்.

"பெரிய படிப்புப் படிச்சவரே சொல்றாரு. உமிக்காரர் ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரிஞ்சதச் சொல்றேன், வாங்க" என்று எதிர்க் கடைக்கு அழைத்துப் போய், காபி வாங்கிக் கொடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நம்பினாரோ என்னவோ. உங்கள் முடிவை வெளியில் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் இருக்கிறேன், டாக்டரம்மா. கேட்கிறவர்கள் அலுத்துக்கொண்டாலும் நான் விடுவதாக இல்லை.