விடுபட்ட உயிரெழுத்து

அன்பு மகனுக்கு,

நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் நீ எழுதுவாய், நானும் அதையேதான் எழுதுவேன், அதனால் இந்த முறை வேறு விதமாகக் கேட்கிறேன். இருமல் விட்டதா, உன் அறையின் ஜன்னல் இன்னும் முழுசாகச் சாத்த வராமல்தான் இருக்கிறதா, ராத்திரியில் ஒழுங்காகத் தூங்குகிறாயா? இவற்றுக்குப் பதில் எழுது, போதும். கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, எழுதுவது உன் தங்கை, சொல்வது நான். வலது மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டிருக்கிறது, அசைக்கக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. குளியலறையில் வழுக்கிவிட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா, அது பொய். அதற்கு முன்னால் உன்னிடம் சொன்ன இன்னொரு பொய் இருக்கிறது, அதுதான் பெரியது. இரண்டையும் சொல்லி முடிக்காமல் எழுந்திருக்கப்போவதில்லை என்று மத்தியானம் சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருக்கிறேன். சின்னவளிடம் ஒரே ஒரு கட்டளை போட்டிருக்கிறேன், நான் சொல்வதைச் சொன்னபடி எழுது, அழகாக்காதே என்று. அவளுக்கு அதுதான் கஷ்டம். அரைப் பக்கம் போவதற்குள் என் இலக்கணத்தை இரண்டு தடவை திருத்திவிட்டாள்.

அப்பா நன்றாக இருக்கிறார். யாரோ கொடுத்த பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது, எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை என்று நேற்றிலிருந்து வீட்டைச் சுற்றி வருகிறார். மிச்சமானதுதான் உங்க மூளையோ என்னவோ, பாத்து உள்ள வச்சுடுங்க என்று சின்னவள் சொல்லி ஒரு குட்டு வாங்கினாள். அவள் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் பெயர் கொடுத்திருக்கிறாள். தலைப்பு என்ன தெரியுமா, உள்துறை அமைச்சர் காவல்துறை பற்றியும் பொதுப் பாதுகாப்பு பற்றியும் நாடாளுமன்றத்தில் இதுவரை பேசியதும் வாக்களித்ததும். நூலகத்தில் அவைப் பதிவுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ராப்பகலாக அதே வேலை. நான் அந்த அவையில் சுருக்கெழுத்து எழுதிச் சம்பாதித்து இத்தனை வருஷம் உங்களை வளர்த்தேன், ஆனால் நான் எழுதியதை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து படித்த முதல் ஆள் இந்தப் பெண்ணாகத்தான் இருக்கும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

டிப்போ வாசலில் நடந்தது உனக்குத் தெரியும். கடைசி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று ஜனங்கள் கூடினார்கள், தடியடி நடந்தது, உன் கூட்டாளி நெட்டையனுக்கு முழங்கால் போயிற்று. அவன் கூட்டத்தில்கூட இல்லை, கண்டக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலை முடிந்து வெளியே வந்தவன். மறுவாரம் அவையில் அதைப் பற்றிக் கேள்வி வந்தது. கேட்டவர் எதிர்க்கட்சியில் ஓர் அம்மா, முன்னாள் கணக்கு டீச்சர், அவரை எல்லோரும் வாத்தியாரம்மா என்றுதான் சொல்வோம். அமைச்சர் எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார். வாத்தியாரம்மா விடவில்லை. அந்தத் தாளை மடிச்சு வையுங்க, உத்தரவு போட்டது யாரு, இது ஒரு மார்க் கேள்விதான் என்றார். அமைச்சரின் சொந்தக் கட்சிக்காரர்களே சிரித்துவிட்டார்கள். மனிதருக்கு முகமெல்லாம் சிவந்து, ஒலிவாங்கியை விட்டு எங்கள் மேசைப் பக்கமாகத் திரும்பி, ஆமா, நான்தான் அ டி க் க ச் சொன்னேன், இப்ப என்ன என்றார். (அண்ணா, அந்தக் கோணல் எழுத்து அம்மாவுடையது. அந்தச் சொல் வந்ததும் என்னிடமிருந்து பேனாவை வாங்கி இடது கையால் எழுதினார்கள். - சின்னவள்) உடனே இரண்டு பக்கமும் மேசையைத் தட்டிக் கூச்சல். ஒலிப்பதிவில் அந்தக் கூச்சல் மட்டும்தான் இருக்கிறது. அவர் வாயிலிருந்து அது வந்தபோது மிகப் பக்கத்தில் இருந்த காது என்னுடையது.

எங்கள் தொழிலை உனக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன், நீ கொட்டாவி விட்டிருக்கிறாய், இப்போது கொஞ்சம் கவனி. சுருக்கெழுத்தில் வேகம் வந்துவிட்டால் உயிரெழுத்தை விட்டுவிடுவோம், மெய்யை மட்டும்தான் கோடாகப் போடுவோம். பிறகு வெளியே வந்து தட்டச்சு செய்யும்போது காதில் நிற்கும் பேச்சை வைத்து உயிரைப் போட்டு நிரப்புவோம். அடக்க என்றாலும் அடிக்க என்றாலும் கோடு ஒன்றேதான். டகரத்தின் மேல் அகரமா இகரமா என்பதை என் காதுதான் சொல்ல வேண்டும். இன்னொரு பழக்கமும் எங்களுக்கு உண்டு. சபையில் யாருக்காவது நாக்குப் புரண்டால் நாங்கள் தாங்கிப் பிடிப்போம். முன்பு ஒருவர் அணையைத் திறந்து வைத்தேன் என்பதற்கு ஆனையைத் திறந்து வைத்தேன் என்றார், ஆனையை அணையாக்கியது இந்தக் கைதான். அது அன்பு, யாருக்கும் நஷ்டமில்லை. அன்றைக்கு அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, கோபத்தில் வாய் தவறியிருக்கிறார், இதுவும் ஆனைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். இகரம் போட்டால் நீ சரியாகக் கேட்டாயா என்று ஆயிரம் பேர் வந்து கேட்பார்கள், அகரம் போட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அவ்வளவுதான் காரணம். யாரும் என்னை மிரட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது மிரட்டியிருந்தாலாவது உன்னிடம் சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு இருந்திருக்கும். நான்தான் அடக்கச் சொன்னேன் என்று அச்சேறிவிட்டது. அந்த அமைச்சர் அலுவலகத்திலிருந்து எங்கள் பக்கங்கள் எப்போதும் சிவப்பு மையில் குளித்துத்தான் திரும்பி வரும். அந்தத் தடவை அவருடைய உதவியாளர் நேரில் வந்து, ஒரு எழுத்துகூடத் திருத்த வேண்டியதில்லம்மா, அருமையா எழுதியிருக்கீங்க என்றார். நானும் சிரித்தேன்.

அன்று ராத்திரி நீ போன் செய்தாய். அம்மா, நீ அங்கதானே இருந்த, அந்த ஆளு நிஜமா என்னதான் சொன்னாரு என்று கேட்டாய். பதிவுல இருக்கறதுதான்டா சொன்னாரு என்றேன். நீ அதை நம்பினாய். நம்பியதோடு நிற்காமல் நெட்டையனுக்கும் எழுதினாய். எங்கம்மா காதால கேட்டவங்க, அடக்கன்னுதான் சொன்னாராம், அந்த ஒரு சொல்லப் பிடிச்சுத் தொங்காதே, கேஸ் கெட்டுப்போகும் என்று. அவனும் தடியடி பற்றிய விசாரணைக் குழு முன்னால் வாதாடும் தன் வக்கீலிடம், அம்மா கேட்டது தப்பா இருக்காது சார், அத விட்டுடுங்க என்று சொல்லிவிட்டான். இப்போது அமைச்சரின் தரப்பு, ஐயா அடக்கத்தான் சொன்னார், அடித்தது அதிகாரிகள் செய்த தவறு என்கிறது. அதிகாரிகள், மேலிடத்து உத்தரவைத்தான் செய்தோம் என்கிறார்கள். நடுவில் நெட்டையனின் முழங்காலுக்குப் பொறுப்பாளியே இல்லை, அது தானாக உடைந்ததுபோல் ஆகிவிட்டது. வாத்தியாரம்மா மறுபடி எழுந்து, நான் கேட்டேனே, என் காதால கேட்டேனே என்றபோது, டீச்சருக்குக் காதுல சாக்பீஸ் தூள் அடைச்சிருக்கு என்று ஒருவர் சொன்னார். அவையே சிரித்தது. அதையும் நான்தான் எழுதினேன், அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று. உன் வாயாலும் பொய் சொல்ல வைத்துவிட்டேனடா. எனக்கு அதுதான் ஆறவில்லை.

இதெல்லாம் எனக்குள் புழுங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் சாப்பிடும் இடத்தில் சின்னவள் தன் குறிப்புகளை வாசித்தாள். பிடித்தவர்களை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் கூடுதல் நாள் வைத்திருக்கலாம் என்ற மசோதாவுக்காக அமைச்சர் மூச்சுவிடாமல் பேசியிருக்கிறார். காவல் நிலையத்துக்குள் கேமரா வைக்க வேண்டும் என்ற தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்திருக்கிறார். பெண்கள் புகார் கொடுக்கத் தனி அறை, இருட்டுத் தெருக்களுக்கு விளக்கு, இவற்றைக் கொண்டுவந்தவரும் அவரே, அதையும் சொல்லாமல் விட்டால் அநியாயம் அம்மா என்றாள். எதிர்க்கட்சியில் இருந்த காலத்தில், எங்கே தடியடி நடந்தாலும் உத்தரவிட்டது யார் என்று மறுநாளே அவைக்குச் சொல்ல வேண்டும் என்று மேசையைத் தட்டியிருக்கிறார். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சின்னவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அம்மா, ஒண்ணு மட்டும் இடிக்குது, இவர் எல்லாப் பேச்சுலயும் கூட்டத்தக் கட்டுப்படுத்தன்னுதான் சொல்றாரு, அடக்கங்கிற சொல்லே அவர் வாயில வராது, இந்த ஒரு இடத்துல மட்டும் எப்படி வந்துச்சு என்று கேட்டாள். நான் தண்ணீர் எடுக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன். தண்ணீர்ப் பானை சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டார்.

மறுநாள் வேலை முடிந்ததும் நெட்டையன் வீட்டுக்குப் போனேன். உனக்குத் தெரியுமே, கீழே அவன் அம்மா, நம் தையல்கார அக்காவின் கடை, பக்கவாட்டில் குறுகலான படி, மேலே ஓர் அறை. கடையில் மெஷின் சத்தம் கேட்டது, தையல்கார அக்கா என்னைப் பார்க்கவில்லை. பாதிப் படி ஏறிவிட்டேன். மேலே அவன் ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தான், அவன் குரல்தான் உனக்குத் தெரியுமே, கழுதை கேட்டால் கண்ணீர் விடும். அந்தப் பாட்டைக் கேட்டதும் என் கால் அதற்கு மேல் போகவில்லை. இங்கே நின்றால் கூப்பிட்டுவிடுவான் என்று பயந்து திரும்பி ஓடியபோது விழுந்தேன், கையை ஊன்றியதில் மணிக்கட்டு போயிற்று. சத்தம் கேட்டு அவன்தான் முதலில் வந்தான். எப்படி வந்தான் தெரியுமா, உட்கார்ந்தபடியே, ஒவ்வொரு படியாக, மடங்காத காலை முன்னால் நீட்டிக்கொண்டு, சின்னக் குழந்தை இறங்குவதுபோல். அவ்வளவு உயரமான பையன், பஸ் கூரையில் முட்டாமலிருக்கத் தலையைச் சாய்த்துக்கொண்டே டிக்கெட் கிழித்தவன். என் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்து, பாத்தீங்களாம்மா, இப்பதான் நாம ரெண்டு பேரும் ஒரே உயரம் என்றான். அக்கா ஓடிவந்து, யாருக்கோ வெட்டி வைத்திருந்த புதுத்துணியைக் கிழித்துக் கட்டுப் போட்டார். ஏன் வந்தீங்க, எதாவது சேதியா என்று கேட்டார். சும்மா பாக்க வந்தேன் என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை அவன் என் பையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சொன்னா வேலை போகும், சொல்லாட்டி தூக்கம் போகும், ரெண்டுல எது இல்லாம இருக்க முடியும்னு நீயே பாத்துக்க என்றார். பிறகு சின்னவளிடமும் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், தன் குறிப்பைத் திருத்திக்கொள்ளலாமா என்று கேட்டாள். போன வெள்ளிக்கிழமை எங்கள் தலைமைப் பதிவாளரிடம் போனேன். அவர் நல்லவர், கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். உன் நோட்டைக் காட்டினா அதுல வெறும் கோடுதானே இருக்கு, உன் காத எடுத்து மேசை மேல வைக்க முடியுமா என்றார். ஆனையை அணையாக்காதவங்க இங்க யாரும்மா இருக்கோம், இத ஒண்ணத் திருத்தினா நாளைக்கு ஒவ்வொரு பக்கத்தையும் பொய்ன்னு சொல்லுவாங்க, நம்ம எல்லாரோட உழைப்பும் போயிடும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, அதனால்தான் இரண்டு நாள் தூங்கவில்லை. ஆனால் ஆனையை அணையாக்கியதில் யாருடைய காலும் உடையவில்லையே ஐயா என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். புதன்கிழமை விசாரணைக் குழு மறுபடி கூடுகிறது, நெட்டையனின் வக்கீல் என்னைச் சாட்சியாகக் கூப்பிட அப்பா பேசிவிட்டார். பெயரைச் சொல்லாமல் ஒரு சாட்சி இருக்கிறது என்று மட்டும்தான் சொன்னாராம், அது நான் என்று வக்கீலுக்கு இன்னும் தெரியாது, நெட்டையனிடம் நான்தான் முதலில் சொல்ல வேண்டும். அவர்கள் என் பேச்சை ஏற்பார்களா என்று தெரியாது. கோடு ஒன்றேதான் என்று நானே ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும், பிறகு ஏன் அப்போதே எழுதவில்லை என்று கேட்பார்கள், அதற்கும் உள்ளதைத்தான் சொல்ல வேண்டும். மெய்யை மட்டும் எழுதிப் பழகிய கை மெய் எழுதவில்லை என்று சொல்லிவிட்டு வருவேன். வாத்தியாரம்மாவையும் பார்க்க வேண்டும். வேலை போனால் போகட்டும், நீ பணம் அனுப்பாதே, இருப்பதை வைத்து ஓட்டிக்கொள்வோம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நாளைக் காலையில் அந்தப் படியை முழுசாக ஏறப்போகிறேன். அவன் கோபப்பட்டால் நல்லது. கோபப்படாமல் ஏதாவது வேடிக்கை சொல்லிவிடுவானோ என்றுதான் பயமாக இருக்கிறது. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவனுக்குத் தெரிந்திருக்கும், நீ தைரியமாக அவனோடு பேசலாம். தப்பு உன்னுடையது இல்லை என்றும் அவனிடம் சொல்லிவிடுவேன். என்னோடு பேச உனக்குப் பிடிக்காவிட்டால் கொஞ்ச நாள் பேசாமல் இரு, ஆனால் சாப்பிடாமல் இருக்காதே. கோபம் வந்தால் வயிற்றைக் காயப்போடுகிற பழக்கம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதை மட்டுமாவது விட்டுவிடு.

ஜன்னலை இழுத்துச் சாத்த முடியாவிட்டால் ஒரு கனத்த துணியாவது வை. படுக்கப் போகும்முன் அடுப்பைப் பார். அப்பா மிச்சத் திருகாணியை உனக்கு அனுப்பிவைக்கச் சொல்கிறார், உன் ஜன்னலுக்கு உதவுமாம். எங்கே இருந்தாலும் நீ நிம்மதியாக இருக்க வேண்டும், உன்னைப் பெற்றவளின் சொல்லை நம்பி நீ தலைகுனியும்படி இனி ஒருபோதும் நேரக் கூடாது, என் ஆசீர்வாதம் இதுதான்.

(அண்ணா, எழுதி முடித்ததும் அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஒரே ஓர் இடத்தில் நிறுத்தச் சொன்னார்கள். படியைப் பற்றிச் சொல்லும் இடத்தில் நான் தடுக்கி விழுந்தேன் என்று எழுதியிருந்தேன், அம்மா பாவம் என்று நினைத்து நானாகப் போட்டது. அதை அடித்துவிட்டுத் திரும்பி ஓடியபோது விழுந்தேன் என்று எழுதச் சொன்னார்கள். அங்கே மை அப்பியிருப்பது அதனால்தான், மன்னித்துவிடு. - சின்னவள்)

இப்படிக்கு,
இடது கையால்,
உன் அம்மா