வலிப்பு அடங்கிய பிறகு

ஜூன் 4
ஆய்வகத்தில் வழக்கமான வேலை. நரம்புச் செல்களை மின்சாரத்தால் விடாமல் தூண்டிவிட்டு, எப்படித் தேறுகின்றன என்று நுண்ணோக்கியில் பார்ப்பது. ஒரு செல் அடுத்ததைத் தொடும் இடத்தில் பொடிப்பொடியாகப் பைகள், உள்ளே ரசாயனம். ஓயாமல் தூண்டினால் பைகள் தீர்ந்துவிடும். நிறுத்தினால், செல் காலிப் பைகளை உள்ளே இழுத்துத் திரும்ப நிரப்பிக்கொள்ளும். இன்றும் நிரப்பிக்கொண்டது.

கை கழுவும்போது அக்கா வீட்டுக்காரர், மாமா, போன். "வலிப்பு வந்துடுச்சும்மா. நிக்கவே மாட்டேங்குது."

ஜூன் 5
ஆஸ்பத்திரியில் அக்காவை மருந்து கொடுத்து மயக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். வலிப்பு அடங்கிவிட்டது.

ஜூன் 8
மயக்க மருந்தை நிறுத்தியாயிற்று. அக்கா விழிக்கவில்லை. வராந்தாவில் மாமா என்னைப் பிடித்துக்கொண்டார். "இதத்தானே நீ படிக்கிற? எழுந்துடுவாளா?"

என் செல்கள் எல்லாம் தேறிவிடுகின்றன, மாமா, என்றேன். அவர் முகம் மலர்ந்தது. ஆய்வகத் தட்டில் இருப்பது செல். இங்கே படுத்திருப்பது அக்கா. ஏன் சொன்னேன்?

ஜூன் 9
அம்மாவிடம், நர்சிடம், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் — எல்லாரிடமும் சொல்லிவிட்டார். "எங்க மச்சினிச்சியே சொல்லிட்டா!"

ஜூன் 10
தனியே கூப்பிட்டுச் சொன்னேன். "பை நிரம்புறது வேற, மாமா. இவ்வளவு நேரம் வலிப்பு வந்தா செல்லே செத்துப்போகலாம். செத்தது திரும்பாது. எவ்வளவு போச்சுன்னு டாக்டருக்கும் தெரியல, எனக்கும் தெரியல."

"அப்ப எதுக்கு ஆச காட்டின?"

ஆசை எனக்கும்தான்.

ஜூன் 12
ஆய்வகம் போனேன். ஸ்விட்சில் கை வைத்தேன். தூண்ட மனசு வரவில்லை. வந்துவிட்டேன்.

ஜூன் 15
கண் திறந்தாள். மாமா சுவரில் சாய்ந்து அழுதார்.

ஜூன் 29
நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள், அவ்வளவுதான். அசதி என்று நினைத்திருந்தேன்.

இன்று போனபோது கதவைத் திறந்தது அவள்தான். மெலிந்திருந்தாலும் நிமிர்ந்து நின்றாள்.

"வாங்க. உக்காருங்க. அவர் குளிச்சிட்டிருக்கார்."

'வாங்க'. என்னை. அக்கா.

"நான் உன் தங்கச்சி," என்றேன்.

நெடுநேரம் பார்த்தாள். தப்புச் செய்துவிட்டவள் போல முகம் சுருங்கியது. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோவிச்சுக்காதீங்க. சொல்லுங்க, கேக்கறேன்."

"நாம ரெண்டு பேரும் ஒரே போர்வையிலதான் தூங்குவோம்," என்று ஆரம்பித்தேன்.